இடப்பக்கத்துக் காற்று

ஜூன் 10, திங்கள்

இது போன வருஷத்து டைரி. ஐஸ் கம்பெனியில் அப்பாவுக்குக் கொடுத்தார்கள், அவர் ஒரு பக்கமும் எழுதவில்லை. கிழமைகள் பொருந்தாது. அடித்து மாற்றிக்கொள்கிறேன். கடலுக்குப் போய் வருகிற எல்லாரும் அன்றன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்பது கிளப் கோச் செல்வின் சார் வைத்த சட்டம். அவர் வாங்கிப் படிக்க மாட்டாராம். அதனால்தான் எழுதுகிறேன்.

இதுவரை நான் இந்தப் பாய்மரப்படகு கிளப்பில் படகு கழுவுகிறவள், கிழிந்த பாய் தைக்கிறவள். ஒன்றரை வருஷமாக யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. இன்று வினோலியா அக்கா கேட்டாள். அவளோடு படகில் போய்க்கொண்டிருந்த ஷெரினுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஐம்பது கிலோவுக்குக் கீழே, கயிறு இழுக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

“பேரென்னட்டீ?”

“பிரான்சிலா.”

“என்னது?”

“பிரான்சிலா.”

“சத்தமாத்தான் சொல்லேன். உம் பேருதான, களவாண்டதா?”

எடை மெஷினில் ஏறச் சொன்னாள். நாற்பத்தாறு. “போதும். நாளையில இருந்து வா” என்றாள்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி பந்தயம். ஆறு படகுகள். முதல் இரண்டு படகுகள் கோவாவுக்குப் போகும். வீட்டில் அதையெல்லாம் சொல்லவில்லை. “கடல்ல படகுல போவணுமாம்” என்று மட்டும் சொன்னேன். “வீட்டுல மோட்டுவளையப் பாத்துட்டு இருக்கதுக்கு அது மேலு” என்றாள் அம்மா. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

ஜூன் 12, புதன்

படகைப் பற்றி எழுதுகிறேன். அது கேட்டமரான். நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரன் வைத்தான் என்று சார் சொன்னார், ஆனால் பார்த்தால் கட்டுமரம் மாதிரி இல்லை. ஒல்லியான இரண்டு ஓடங்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. அதில்தான் நாம் இருப்பது. ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய். மூன்றாவதுதான் ஸ்பின்னேக்கர். காற்று பின்னாலிருந்து வரும்போது மட்டும் ஏற்றுகிற பாய். சேலைத் துணியைவிட மெல்லிசு. ஏறினதும் வயிறு உப்பிப் படகைத் தூக்கிக்கொண்டு போகும். கிளப்பில் சுருக்கி ‘ஸ்பின்’ என்கிறார்கள்.

ஸ்பின்னுக்கு மூன்று மூலை. தலை மூலை பாய்மரத்து உச்சிக்குப் போகிற கயிற்றில். கீழ் மூலை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பின் நுனியில். மூன்றாவது மூலையில் நாம் கையில் பிடிக்கிற கயிறு. ஏற்றாத நேரம் பாய் முழுவதும் ஒரு நீளத் துணிக்குழாய்க்குள் கிடக்கும். ஒரே கயிறுதான்: ஒரு பக்கம் இழுத்தால் பாய் குழாயிலிருந்து வெளியே வந்து ஏறும். மறுபக்கம் இழுத்தால் பாயின் வயிற்றிலேயே பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சாரைப்பாம்பு தவளையை விழுங்குகிற மாதிரி.

தினமும் காலையில் கரையிலேயே ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். இன்று நான் கட்டினேன். தலை மூலையையும் கீழ் மூலையையும் மாற்றிக் கட்டிவிட்டேன். பாய் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஏறியது. பக்கத்துப் படகு ஷைனி, “சார், இங்க ஒருத்தி பாவாடை காயப் போடுதா” என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

ஜூன் 13, வியாழன்

இன்றும் மாற்றித்தான் கட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

தலை மூலையில் சிவப்பு நூலால் ஒரு சிலுவை தைத்துவிட்டேன். இனி மாறாது. “இத ஏன் எனக்குத் தோணல” என்றாள் அக்கா.

ஜூன் 20, வியாழன்

கச்சான் காற்று. கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை கிடையாது, தண்ணீர் இஸ்திரி போட்ட மாதிரி. மூன்று முறை ஸ்பின் ஏற்றினோம்.

என் வேலை என்ன என்று இன்றுதான் முழுதாகப் புரிந்தது. அக்கா பின்னால் சுக்கான் பிடிப்பாள். நான் அவளுக்கு முன்னால், இடுப்பில் வாரும் கொக்கியும் மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பாயின் முன்விளிம்பு லேசாகச் சுருண்டு சுருண்டு விரிய வேண்டும். சுருளவே இல்லையென்றால் கயிறு இறுக்கம், கொஞ்சம் விட வேண்டும். ரொம்பச் சுருண்டால் இழுக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது.

கயிற்றில் இருக்கிற கனம்தான் காற்று. அது சுக்கான் பிடிக்கிற ஆளுக்குத் தெரியாது, என் உள்ளங்கைக்குத்தான் தெரியும். கனம் கூடினால் நான் “இறக்கு” என்று சொல்ல வேண்டும். அக்கா படகின் மூக்கைக் காற்றிலிருந்து விலக்கி, காற்று போகிற பக்கம் இறக்குவாள். கனம் குறைந்தால் “ஏத்து”. காற்றைத் தேடி, அது வருகிற பக்கம் மூக்கை ஏற்றுவாள்.

அப்பா தன் மீன்பிடி வள்ளத்தில் பாய் விரிக்கும்போது பெருங்காற்று வந்தால் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்புவார், பாய் செத்துவிடும். இதில் அப்படிச் செய்தால் கவிழ்ந்துவிடும். காற்று அடிக்க அடிக்க அதோடு சேர்ந்து ஓட வேண்டும். இரவு சாப்பிடும்போது சொன்னேன். “கிறுக்குப் படகால்ல இருக்கு” என்றார்.

“நீதாண்டி என் கண்ணு. சொல்லிக்கிட்டே இரு. வாய மூடாத” என்றாள் அக்கா. வாயை மூடாதே என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. திறக்கத்தான் சொல்வார்கள்.

ஜூன் 27, வியாழன்

வலப்பக்க ஓடத்தில் உட்கார்ந்து போகும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. நான் “இறக்கு” என்ற உடனே படகு இறங்குகிறது. இடப்பக்கம் மாறி உட்கார்ந்தால் கெட்டுப்போகிறது. நான் சொல்கிறேன், படகு திரும்புவதில்லை. கயிறு கையை அறுக்கிற அளவு கனத்த பிறகு அக்காவே உணர்ந்து இறக்குகிறாள். “சொல்ல வேண்டாமாட்டி?” என்று கேட்கிறாள்.

சொன்னேன். அவளுக்குக் கேட்கிற அளவுக்குச் சொல்லவில்லை போல. இடப்பக்கம் போனால் மட்டும் என் குரல் ஏன் சிறுத்துப்போகிறது என்று தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

சாயங்காலம் உப்பளத்துப் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் நின்று “இறக்கு, ஏத்து” என்று கத்திப் பழகினேன். தம்பி பின்னாலேயே வந்திருக்கிறான். “எக்கா, லாரி லோடு எறக்கப் போறியா?” என்று கேட்டான்.

ஜூலை 9, செவ்வாய்

கை காய்த்துவிட்டது. இனிக் கயிறு வலிக்காது.

கரைக்குத் திரும்பும்போது அக்கா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு சுக்கானை என்னிடம் கொடுத்துவிடுகிறாள். இப்போது தினமும் கொடுக்கிறாள். ஸ்பின் இல்லாமல் சும்மா வருவதுதான். ஆனாலும் பிடித்திருக்கிறது.

படகை மேலே இழுத்துப் போட்ட பிறகு பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடப்போம். “இந்தப் பக்கம் வா” என்று எப்போதும் என்னை வலப்பக்கம் வரச் சொல்வாள். இடப்பக்கம் லாரி போகிறது, என் மேல் அக்கறை என்று நினைக்கிறேன். டீக்கடையிலும் சுவரை இடதுபுறம் வைத்துத்தான் உட்காருவாள். போன் வந்தால் இடது கையில் எடுத்து வலது காதுக்குக் கொண்டுபோவாள். அவள் பழக்கம் ஒவ்வொன்றும் எனக்கு இப்போது தெரியும். இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷம் முன்னால் கோவாவில் வெண்கலம் வாங்கியிருக்கிறாள். போன வருஷம் காய்ச்சலில் கிடந்ததால் போகவில்லையாம்.

ஜூலை 14, ஞாயிறு

ஒத்திகைப் பந்தயம். மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். கடைசி ஓட்டம், இடப்பக்க ஓடத்தில் இருந்தோம். தண்ணீரில் கறுப்பாக ஒரு காற்று வருவது கயிற்றுக்கு முன்னால் என் கண்ணுக்கே தெரிந்தது. “இறக்கு” என்றேன். “இறக்கு அக்கா.” அக்கா நேராகப் போனாள். இன்னொரு முறை சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஓடம் உயர்ந்தது, உயர்ந்துகொண்டே போனது, பிறகு இருவரும் பாய் மேல் கிடந்தோம்.

நிமிர்த்திக் கரைக்கு வந்தபோது செல்வின் சார் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“காத்து வந்தது தெரிஞ்சுதா?”

தலையாட்டினேன்.

“தெரிஞ்சா சொல்ல மாட்டியாம்மா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

அக்கா குனிந்து வார் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.  ரொம்ப நேரம் கழற்றினாள்.

“வினோ, நல்ல புள்ளதான், கயிறு நல்லாப் பிடிக்கா. ஆனா பேசாத ஆளக் கூட்டிட்டுப் போறது பெரேக் இல்லாத வண்டி” என்றார் சார். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு அக்காவோடு ஷைனி போவாள். சரியாக வந்தால் அவளே நிரந்தரம். ஷைனி வாய் திறந்தால் துறைமுகம் வரை கேட்கும்.

ஜூலை 15, திங்கள்

கிளப்புக்குப் போனேன். படகு கழுவினேன்.

தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் தினமும் ஒருவர் எழுந்து பாடம் வாசிக்க வேண்டும். என் முறை வந்தால் எழுந்து நிற்பேன். எழுத்து தெரியும், வாசித்துக்கொண்டேதான் இருப்பேன், உள்ளுக்குள். டீச்சர், “சத்தம் வர்ற வரைக்கும் நில்லு” என்பார். ஒருநாள் முழுவதும் நின்றேன். மறுநாளும் நின்றேன். மூன்றாவது நாள் போகவில்லை. அவ்வளவுதான். வீட்டில் அடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

இந்தப் படகை விட எனக்கு மனசில்லை. அதை எழுதிவைக்கிறேன். சொல்ல ஆள் இல்லை.

ஜூலை 17, புதன்

படகுக் கொட்டகையில் அக்கா ஸ்பின் பாயை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. அவளுக்கு இடப்பக்கமாக நின்று, “அக்கா, அங்கன ஒரு தையல் விட்டிருக்கு” என்றேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்ச் சொன்னேன். ஒரு முழம் தூரம் கூட இருக்காது. திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். குழாயைப் போட்டுவிட்டுத் துள்ளிவிட்டாள்.

நான் சுற்றி அவளுடைய வலப்பக்கம் போய், அதே குரலில், இன்னும் மெதுவாகக்கூட, அதே வார்த்தையைச் சொன்னேன்.

“எந்தத் தையலு?” என்றாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் அடைத்தேன்.

“பொன்னுக்குவீங்கி வந்துச்சி, போன வருசம்” என்றாள். “முகமெல்லாம் வீங்கி, பத்து நாள். வீக்கம் போயிட்டு, இடது காதும் கூடவே போயிட்டு. டாக்டரு இனி வராதுன்னுட்டாவ. சார்ட்ட சொன்னா சுக்கான்ல இருந்து இறக்கிருவாரு. ஆறு வயசுல இருந்து அதத் தவிர வேற எதுவும் எனக்குத் தெரியாதுட்டி.”

நான் பாயின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஞாயித்துக்கெழம நான் வாயத் தொறந்திருக்கணும்” என்றாள். “தொறக்கல.”

“யார்ட்டயும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

“நீ எங்க சொல்லப் போற” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் அவளைப் பிடிக்காமல் போகவும் இல்லை.

ஓடத்தில் பாயைப் பார்த்து உள்நோக்கித்தான் உட்காருவோம், இடப்பக்க ஓடத்தில் முன்னால் இருக்கிற நான் அவளுடைய இடது காதுப் பக்கம். என் குரல் சிறுத்துப்போகவில்லை. அது ஒன்று.

ஜூலை 21, ஞாயிறு

ஷைனி என் வாரை மாட்டிக்கொண்டு அக்காவோடு போனாள். நான் செல்வின் சாரோடு மோட்டார் படகில். மிதவைகளைப் போட்டு எடுக்க ஒரு ஆள் வேண்டும்.

கச்சான் போன வாரத்தைவிட பலம். வலப்பக்கத்தில் நன்றாகத்தான் போனார்கள். ஷைனி விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். “பாரு, இதுதான் வேணும்” என்றார் சார். பிறகு திருப்பி இடப்பக்கம் மாறினார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நூறு மீட்டர் இருக்கும். காற்றின் கறுப்பு அவர்களை நோக்கி வந்தது.

“இறக்கு!” ஷைனி கத்தியது மோட்டார் சத்தத்துக்கு மேல் எங்களுக்குக் கேட்டது. “இறக்கு! இறக்குங்கக்கா! எக்கா!”

படகு நேராகப் போனது. ஓடம் தூக்கியது. கவிழ்ந்தது.

சார் மோட்டாரை நிறுத்தினார்.  பிறகு என் பக்கம் திரும்பி, “அன்னைக்கு நீயும் கூப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றால் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகும். இல்லை என்றால் பொய். நான் தண்ணீரைப் பார்த்தேன். நான் பேசாமல் இருப்பது எல்லாருக்கும் பழகினதுதான். ஆனால் இன்று அவர் அதையும் பதிலாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கரையில் ஷைனி அழுதுகொண்டே, “தொண்ட கிழியக் கத்துனேன் சார், சத்தியமா” என்றாள். அக்கா தலையில் இருந்து தண்ணீர் சொட்ட நின்றாள். என்னைப் பார்த்தாள். சாரிடம், “அவ கத்துனா. பிரான்சியும் கூப்பிட்டுத்தான் இருக்கா. எனக்கு இடது காது கேக்காது சார், போன வருசத்துல இருந்து” என்றாள்.

சார் திட்டவில்லை. “மொதல்லயே சொல்லியிருக்கலாமே வினோ” என்றார். பிறகு, “காது கேக்காத ஆளு கையில சுக்கானக் குடுத்து இன்னொரு புள்ளயக் கூட அனுப்ப முடியாதும்மா. உனக்கே தெரியும்” என்றார்.

அக்கா தெரியும் என்று தலையாட்டிவிட்டு, ஈரத்தோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

ஜூலை 22, திங்கள்

அக்கா வரவில்லை.

ஜூலை 24, புதன்

வரவில்லை. ஷைனி அவளுடைய பழைய படகுக்கே போய்விட்டாள். எங்கள் படகு கொட்டகையில் கிடக்கிறது. எலி கடித்துவிடும் என்று ஸ்பின் பாயை வெளியே எடுத்து மடித்து மேலே வைத்தேன்.

படகில் இரண்டு பேர். ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்ததை எழுதப் பயமாக இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயிலில் கொடியேற்றம். ஊரே அங்கே நின்றது. நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மட்டும் வீட்டில் இருந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்து, நானும் உரித்தேன். கால் கிலோ உரித்திருப்பேன்.

“சும்மாவா வந்த?” என்றாள்.

“அக்கா.”

“சொல்லு.”

“நான் சுக்கான் பிடிக்கேன்.”

கையில் இருந்த மொச்சையைத் தட்டில் வைத்தாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். “கயிறு பிடிக்க ஆளு பேசணும், கேக்க வேண்டாம். சுக்கான் பிடிக்க ஆளு கேக்கணும், பேச வேண்டாம். நீங்க நல்லா பேசுவீங்க. நான் நல்லா கேப்பேன். நாம மாறி உக்காந்திருக்கோம் அக்கா.”

என் வாழ்நாளில் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

“என் சுக்கானயா கேக்க வந்த?”

நான் தலை குனிந்துகொண்டேன். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

“பதினாறு வருசம் பிடிச்சிருக்கேன். நீ எத்தன நாளு?”

“பதிமூணு நாளு. வரும்போது மட்டும்.”

“வெக்கமா இல்ல?”

“இருக்கு” என்றேன்.

மொச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தெரு முனை வரை அழவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் கொட்டகையில் எங்கள் படகு இல்லை. கரையில் நின்றது. அக்கா ஏற்கெனவே ஸ்பின் கட்டி, ஏற்றிப் பார்த்து, இறக்கிவிட்டிருந்தாள். முன்னால் இருக்கிற ஆள் போடுகிற வாரை அவள் மாட்டியிருந்தாள். இடுப்பில் இறுக்கமாக இருந்தது.

சாரிடம் எப்போது பேசினாள் என்று தெரியவில்லை. அவர் வந்து, “இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. பாப்போம்” என்று மட்டும் சொன்னார்.

முதல் ஓட்டத்திலேயே கவிழ்த்தேன். அக்கா தெளிவாக “இறக்கு” என்றாள், எனக்குத் தெளிவாகக் கேட்டது, என் கை அப்பாவின் வள்ளத்தை நினைத்து மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பிவிட்டது. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினதும் அக்கா சொன்னது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

மதியத்துக்குள் மூன்று முறை கவிழ்ந்தோம்.

ஜூலை 31, புதன்

ஒருமுறை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கவிழவில்லை. பின்னால் இருந்து பார்த்தால் எல்லாமே தெரிகிறது: முன்னால் தண்ணீரின் நிறம், மற்ற படகுகள், மிதவை. பாயை மட்டும் பார்க்கத் தேவையில்லை. அது அக்கா குரலில் வந்துகொண்டே இருக்கிறது. “கனம்... கனம்... நல்லாருக்கு... குறையுது, ஏத்து... கொஞ்சம்... போதும், போதும்ட்டி.” அவள் கயிறு பிடிக்கிற அழகு எனக்கு இல்லை. விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு மேல் சுருளவே இல்லை.

இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி போகிறது.

திரும்பும்போது சுக்கானை அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. “கயிறச் சுருட்டணும்” என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருவிழா. யாரும் கடலுக்குப் போகவில்லை. கூட்டத்தில் அக்காவைப் பார்த்தேன். எனக்கும் தம்பிக்கும் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாள். சுக்கான் பற்றி ஒன்றும் பேசவில்லை. கோபம் இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

நாளைக்கு. அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். “நீயா ஓட்டப் போற?” என்று இரண்டு முறை கேட்டாள். அப்பா நாளை வலை பார்க்கும் சாக்கில் அந்தப் பக்கம் வள்ளத்தைக் கொண்டுவருவாராம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்று ஓட்டங்கள். மூன்றையும் சேர்த்து முதல் இரண்டு படகுகள்.

முதல் ஓட்டத்தில் நான்காவது. என் தப்பு, கோட்டுக்கு வெகு பின்னால் கிளம்பினேன். யாரையாவது இடித்துவிடுவேனோ என்று பயம். இரண்டாவதில் இரண்டாவது. கணக்குப் பார்த்துவிட்டு அக்கா, “மூணாவதுல ஷைனி படகுக்கு முன்னால முடிக்கணும். முடிச்சா கோவா, இல்லன்னா வீடு” என்றாள். தண்ணீர் பாட்டிலை எனக்குக் கொடுத்து, மிச்சத்தை அவள் குடித்தாள்.

மூன்றாவது ஓட்டம். காற்று வருகிற பக்கத்து மிதவையைச் சுற்றும்போது ஒரு படகு வெகு தூரம் முன்னால் போய்விட்டது. அதை விட்டுவிட்டோம். ஷைனியின் படகு எங்களுக்கு ஐம்பது மீட்டர் முன்னால். அக்கா கயிற்றை நாலு இழுப்பில் இழுத்து ஸ்பின்னை ஏற்றினாள். வலப்பக்க ஓடத்தில் உட்கார்ந்து காற்றோடு ஓடினோம்.

பாதி தூரத்தில் ஷைனி படகு திரும்பி மறுபக்கம் போனது. வழக்கமாக அந்த இடத்தில்தான் எல்லாரும் திரும்புவார்கள். அக்கா, “திருப்பு” என்றாள்.

எனக்குக் கேட்டது. அதே நேரம், முன்னால் நூறு மீட்டரில் தண்ணீர் கறுத்திருப்பது தெரிந்தது. பாயைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது தெரியாது. இன்னும் கொஞ்சம் போனால் அந்தக் காற்றுக்குள் நுழைந்து, அதிலேயே திரும்பி, அதை முடிவுக்கோடு வரை கூட்டிக்கொண்டு போகலாம். இங்கேயே திரும்பினால் ஷைனியின் வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

“திருப்புட்டி!”

நான் திருப்பவில்லை.

“ஏட்டி! திருப்பு!”

 சுக்கானை நேராகப் பிடித்தேன். எட்டு, ஒன்பது, பத்து வரை எண்ணினேன். காற்று வந்து பாயை அறைந்தது. “இறக்கு!” என்றாள் அக்கா, இறக்கினேன். படகு ஒருமுறை குலுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அப்போது திருப்பினேன். அக்கா வலைத்துணியில் முழங்காலால் ஓடி மறுபக்கம் வந்து கயிற்றை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் “கனம், கனம், கனம்” மட்டும்தான். ஷைனி படகு எங்களுக்கு வலப்பக்கம் நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. இரண்டு படகு நீளத்தில் அவர்களைக் கடந்தோம். கோட்டைத் தாண்டினதும் சாரின் ஊதல்.

அக்கா ஸ்பின்னை இறக்கிக் குழாய்க்குள் இழுத்துவிட்டாள். கயிற்றைக் கட்டினாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

“ஏட்டி, நான் மூணு தடவ சொன்னேன். காது கேக்கலையா?”

“கேட்டுச்சி அக்கா.”

“கேட்டா பெறவு ஏன் திருப்பல?”

“முன்னால காத்து இருந்துச்சி. ‘இருங்க, இன்னும் இல்ல’ன்னு சொன்னேன். நான் உங்களுக்குப் பின்னால, இடது காதுப் பக்கம் இருந்தேன். உங்களுக்குத்தான் கேக்கல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பாய் சும்மா படபடத்துக்கொண்டிருந்தது.

“சொன்னியா? நீ எங்க சொல்லியிருக்கப் போற. மனசுக்குள்ள சொல்லியிருப்ப.”

“இல்ல அக்கா. கத்துனேன்.”

“நீயா? கத்துனியா?”

அப்போதுதான் ஷைனியின் படகு எங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்தது. ஷைனி வாரைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, “எக்கா, எங்களுக்கே கேட்டுச்சி!” என்றாள்.